வாலிக்காக உங்கள் மகள் வாதாடட்டும்

தம்பி, பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள்ளேயே இந்தக் கவலை வந்துவிட்டதா? கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டுக்குக் குடிவந்த எல்லோருக்கும் வருவதுதான். பதினொரு வயது மகளுக்கும் எட்டு வயது மகனுக்கும் இராமாயணமும் பாரதமும் சொல்லிக்கொடுக்க ஞாயிறு வகுப்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இராமன் மறைந்து நின்று வாலி மீது அம்பு விட்டது சரியா?" என்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சான் ஹொசேயில் சின்மயா மிஷனின் பால விஹார் என்ற சிறுவர் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தோழர்கள் கிடைப்பார்கள். அதுவே பாதிப் பலன். ஆனால் எந்த வகுப்பிலும் கதையையும் சுலோகத்தையும் சொல்லி முடிக்கத்தான் நேரம் இருக்கும். விவாதம் உங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்க வேண்டியது.

மகள் கேட்ட கேள்வியை "சாமியைப் பற்றி அப்படிக் கேட்கக் கூடாது" என்று மூடிவிடாதீர்கள். இங்கே பள்ளியில் எதற்கும் காரணம் கேட்கப் பழக்குகிறார்கள். வீட்டில் மட்டும் அது செல்லாது என்றால் பிள்ளை கேள்வியை விடமாட்டாள், கதையை விட்டுவிடுவாள். அவளுக்கு முன்பே இதைக் கேட்டவன் வாலி. மார்பில் தைத்த அம்பில் இராமன் பெயரைப் படித்துவிட்டு அவன் தொடுக்கும் வாதத்துக்குக் கம்பர் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார், பாருங்கள்.

ஆகவே வீட்டில் ஒரு வழக்கு மன்றம் வையுங்கள். மகள் வாலியின் வக்கீல், நீங்கள் இராமன் தரப்பு, அம்மா நடுவர். அடுத்த வாரம் தரப்பை மாற்றுங்கள். அதை விட்டுவிடாதீர்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. வால்மீகியில் இராமன், தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்துக்குத் தண்டனை என்கிறான். விலங்கை மறைந்திருந்து வேட்டையாடுவதில் பிழையில்லை என்றும் சொல்கிறான். விலங்குக்கு மனித அறம் எப்படிப் பொருந்தும் என்று உங்கள் மகள் அங்கே பிடித்துக்கொள்வாள். கம்பரோ "நாங்கள் விலங்குகள்" என்ற வாதத்தை வாலியின் வாயில் வைத்து, அறம் அறிந்தவன் விலங்கல்லன் என்று இராமனை மறுக்கவைக்கிறார். மறைந்து எய்தது ஏன் என்பதற்கு மட்டும் பதில் சொல்ல வருபவன் இலக்குவன்: சுக்கிரீவன் முதலில் அடைக்கலம் புகுந்தான், நேரே வந்தால் நீயும் சரண் என்று விழுந்துவிடுவாயே என்கிறான். இராமன் ஏன் தானே சொல்லவில்லை? எனக்கு இன்றுவரை நிறைவான விடை கிடைக்கவில்லை. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அதனால் இராமன் மீதான பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை.

மகனுக்கு வழக்கு வேண்டாம், பாரதப் போரின் கணக்கைக் கொடுங்கள். அக்குரோணி என்பது அந்தப் போரின் படைப்பிரிவு. ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டச் சொல்லுங்கள், எல்லாம் 18. போர் நடந்த நாளும் 18, பருவங்கள் எனப்படும் பாரதத்தின் பெரும்பகுதிகளும் 18, இரு தரப்புப் படையும் சேர்த்து 18 அக்குரோணி. கௌரவருக்குப் பதினொன்று, பாண்டவருக்கு ஏழு என்று சதுரங்கக் காய்களைப் பிரித்து வைத்து விளையாடட்டும்.

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பில் பண்டைய இந்தியா பாடமாக வரும். அதற்குள் சூதாட்டச் சபையை மகளுடன் பேசிவிடுங்கள். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி கேட்கிறாள், பீஷ்மர் தடுமாறுகிறார், துரியோதனனின் தம்பி விகர்ணன் அவள் பக்கம் எழுந்து நிற்கிறான். மகனுக்கு அந்தக் காட்சி இப்போது வேண்டாம், இரண்டு மூன்று வருடம் போகட்டும்.