ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சன்னல், தபால், ஞாயிற்றுக்கிழமை – கேள்வி பதில்

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டடங்களுக்கு வெப்பமூட்டலும் காற்றோட்டமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இன்று மாலை முழுவதும் உங்கள் கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். விசா, வருமான வரி இரண்டும் எனக்குத் தெரியாத துறைகள். அவற்றைக் கேட்டால் ஒரு வரியில்தான் பதில் வரும்.

மன்ஹைம், 5 வாரம்: நான் பிடித்த வீட்டில் சமையலறை வெறும் அறையாக இருக்கிறது. அடுப்பில்லை, தொட்டியில்லை. கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு கம்பிகள் தொங்குகின்றன. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. இங்கே பல வீடுகள் அப்படித்தான் கைமாறுகின்றன. அடுப்பும் அலமாரியும் குடியிருந்தவரின் சொத்து. போகும்போது கழற்றிக்கொண்டு போவார், இல்லையென்றால் அடுத்து வருபவருக்கு விற்பார். ஒப்பந்தம் போடும் முன்பே பேரம் பேசி அதை வாங்கிக்கொள்வது நல்லது. விளம்பரத்தில் வரும் 'குளிர் வாடகை' வெறும் இடத்துக்கானது. வெப்பம், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் 'சூடான வாடகை'. முன்பணம் குளிர் வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணைகளாகக் கட்டலாம். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள்.

கொலோன், 2 மாதம்: தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் டிவியே இல்லை என்பதால் கிழித்துப் போட்டுவிட்டேன். சரிதானே?

தவறு. டிவி இருக்கிறதா, வானொலி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, அவ்வளவுதான். நகராட்சியில் முகவரியைப் பதிந்ததும் கட்டணம் வசூலிப்பவர்களுக்கும் தகவல் போய்விடும். ஒரே வீட்டில் நான்கு பேர் தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். கட்டாமல் விட்டால் பாக்கி ஏறும், அபராதம் சேரும்.

இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: தபாலைப் பிரித்துப் படியுங்கள். மின்னஞ்சல் வந்து இத்தனை காலம் ஆன பிறகும் இந்த நாடு காகிதத்தில்தான் ஓடுகிறது. நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் உறையையும் பத்திரமாக வையுங்கள். அதன்மேல் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்துதான் உங்கள் கெடு ஆரம்பமாகிறது. பல நேரங்களில் அது இரண்டே வாரம். படிக்கத் தெரியவில்லை என்றால் படிக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

நியூரம்பர்க், 1 வாரம்: ஞாயிற்றுக்கிழமை ஊரே செத்துக் கிடக்கிறதே, ஏன்?

நான் வந்து இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் ஒரு கடை திறந்திருக்கவில்லை, தெருவில் ஓர் ஆள் இல்லை. நம் ஊர்க் கணக்கில் இதற்கு ஒரே காரணம்தான் தோன்றியது. யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார் என்று நினைத்து வீட்டு உரிமையாளரிடம் துக்கம் விசாரித்தேன். அவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஞாயிறு ஓய்வு என்பது வெறும் பழக்கம் அன்று, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919இன் வைமார் அரசியலமைப்பில் எழுதப்பட்டதை 1949இன் அடிப்படைச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. பெட்ரோல் நிலையம், பெரிய ரயில் நிலையக் கடைகள், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். அன்றைக்குச் சுவரில் துளை போடாதீர்கள். காலிப் பாட்டில்களைக் கண்ணாடி சேகரிக்கும் தொட்டியில் போடவும் போகாதீர்கள், அந்தச் சத்தத்துக்கும் அன்று தடை.

உல்ம், 3 மாதம்: 'ஹால்ப் ட்ரை' (பாதி மூன்று) என்றார்கள். மூன்றரைக்குப் போனேன். மருத்துவர் பார்க்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

அது இரண்டரை. மூன்றாவது மணியில் பாதி கடந்துவிட்டது என்று கணக்கு. எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள்: 'வியர்ட்டல் ட்ரை' என்றால் இரண்டேகால். எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மியூனிக், 6 மாதம்: இவர்கள் ஏன் சிரிப்பதே இல்லை? பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொல்வதோடு சரி.

அந்த வணக்கத்தை நீங்கள் முதலில் சொன்னீர்களா? புதிதாகக் குடிவந்தவர்தான் கதவைத் தட்டித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் அவரும் உங்களைப் பற்றி இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

ஹைல்பிரோன், முதல் குளிர்காலம்: படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டு உரிமையாளர் "நீங்கள் சன்னலைத் திறப்பதே இல்லை" என்று கடிதம் எழுதியிருக்கிறார். வெளியே பூஜ்யம் டிகிரி! திறந்தால் காசு கொடுத்து ஏற்றிய சூடெல்லாம் போய்விடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்தில் ஐந்து கிராம்கூட இல்லை. ஆகவே வெளியே பனி பெய்தாலும் அந்தக் காற்று நம் வீட்டுக்கு உலர்ந்த காற்றுதான். உள்ளே வந்து சூடானதும் துணி தண்ணீரை உறிஞ்சுவது போல ஈரத்தை உறிஞ்சும். திரும்பத் திறந்தால் ஈரத்தோடு வெளியே போகும்.

இனி உங்கள் காசு. அறுபது சதுரமீட்டர் வீட்டில் சுமார் 150 கனமீட்டர் காற்று இருக்கும். அதை முழுக்க மாற்றி, பூஜ்யத்திலிருந்து மறுபடி 20 டிகிரிக்குச் சூடாக்கக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் வெப்பம் போதும். ஆமாம், மின்கட்டண அட்டையில் பார்ப்போமே, அதே ஒரு யூனிட். வீட்டின் வெப்பம் காற்றில் இல்லை; டன் கணக்கான சுவரிலும் தரையிலும் இருக்கிறது. எதிரெதிர்ச் சன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடினால் காற்று மட்டும் மாறும், சுவர் சூடாகவே இருக்கும். நம்மவர்கள் செய்வது வேறு. சன்னலின் மேற்பக்கத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். எட்டு மணி நேரத்தில் காற்றும் சரியாக மாறுவதில்லை, சன்னலைச் சுற்றியுள்ள சுவரும் சில்லிட்டுவிடுகிறது. 20 டிகிரியும் ஐம்பது சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் சுவரின் மேல்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்தது போலத்தான்.

இட்லிக் கொப்பரையை நினைத்துப் பாருங்கள். குக்கர் ஆவி, ரசம் கொதிப்பது, குளியல், அறைக்குள் காயும் துணி, நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து நால்வர் உள்ள வீட்டில் நாளுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீராவி சேரும். சென்னையில் அது தானாக வெளியே போய்விடும். இங்கே ரப்பர் பட்டை வைத்து மூடிய சன்னல். ஆகவே காலை, மாலை, சமைத்தவுடன், குளித்தவுடன் திறங்கள்.

டார்ட்மண்ட், 40 ஆண்டு: தம்பி, நல்லாக விளக்குகிறீர்கள், ஆனால் வீட்டுக்காரன் பக்கம் நின்று விளக்குகிறீர்கள். நான் 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்தவள். முதலில் இருந்த அகதி முகாமில் ஒற்றைக் கண்ணாடி யன்னல்; காற்று தானாகவே வந்துபோனது, பூஞ்சணம் இல்லை. பிறகு பிளாஸ்டிக் யன்னல் போட்டு இறுக்கினார்கள், சுவரை மட்டும் அப்படியே விட்டார்கள். பழுது கட்டடத்தில். பழி எங்கள் குசினியில்.

அக்கா, பாதி ஒப்புக்கொள்கிறேன். சூடு கசியாதபடி சுவரைப் போர்த்தாமல் சன்னலை மட்டும் மாற்றினால் அந்த மூலை அடி வாங்கத்தான் செய்யும். ஆனால் நீதிமன்றம் உங்கள் பக்கம் இல்லை. கட்டிய காலத்தின் விதிப்படி வீடு இருந்தால், மூலையில் வெப்பம் கசிவது குறையாகாது என்று 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் இருந்தவை 1968, 1971 ஆண்டுகளில் கட்டிய வீடுகள்.

டார்ட்மண்ட்: சட்டம் சொன்னால் சுவர் சூடாகிவிடுமா?

ஆகாது. அதனால்தான் திறக்கச் சொல்கிறேன்.

எஸ்ஸன், 9 ஆண்டு: அக்கா சொல்வதே சரி. தினமும் நான்கு முறை திறக்க நான் என்ன வீட்டிலேயேவா இருக்கிறேன்?

காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்து இரண்டு முறை. பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதம் காட்டும் சிறு கருவி கிடைக்கும். அறுபதைத் தாண்டினால் திறங்கள். ஹைல்பிரோன்காரரே, அந்த எண்ணைத் தினமும் தேதியோடு குறித்து வையுங்கள். உரிமையாளரின் கடிதத்துக்கு எழுத்தில் பதில் போடுங்கள், தொலைபேசியில் பேசித் தீர்க்காதீர்கள். பூஞ்சையை அன்றே அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமையும்கூட. வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தால் ஆலோசனை கிடைக்கும்.

டார்ட்மண்ட்: ஒன்றை மறந்துவிட்டீர்கள். வெளிச்சுவரோடு அலமாரியை ஒட்டி வைக்கக் கூடாது. எத்தனை யன்னல் திறந்தாலும் அதன் பின்னால் காற்றுப் போகாது. உங்கள் வீட்டில் எப்படி?

நியாயமான பேச்சு, நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கை அகலமாவது இடைவெளி விடுங்கள். என் வீட்டைப் பிறகு பார்க்கிறேன்.

ரொய்ட்லிங்கன், 1 மாதம்: கதவுக் கைப்பிடியில் யாரோ ஒரு சிறு பலகையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மிரட்டலா?

இந்த வாரம் மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் கூட்டுவது உங்கள் முறை. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள சுவாபிய நாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் துடைப்பத்தை எடுங்கள். தூசி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கூட்டுகிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள்.

பெர்லின், 4 மாதம்: இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

குடியேறியதிலிருந்து ஆறு மாதம். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு.

ஹாம்பர்க்: வரி வகுப்பு மூன்றா நான்கா?

சம்பளக்காரர்களுக்கான வரி உதவிச் சங்கத்தைக் கேளுங்கள்.

லைப்சிக்: ஊரிலிருந்து அம்மா நெய் கொண்டுவரலாமா?

கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் வரக்கூடாது. தேங்காய் கொண்டுவரலாம்.

போஹும்: இவர்கள் ஏன் சிரிப்பதே இல்லை?

மியூனிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டுயிஸ்பர்க்: குளிர்காலத்தில் சன்னலைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கலாமா?

ஐயா, மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கார்ல்ஸ்ரூ: ஏதோ மஞ்சள் உறை வந்தது, எங்கேயோ வைத்தேன்.

தேடுங்கள். இப்போதே.

டார்ட்மண்ட்: தம்பி, அலமாரிக்குப் பின்னால் பார்த்தீர்களா?

இப்போதுதான் நகர்த்திப் பார்த்தேன், அக்கா. தரையோரமாக, உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. நாளைக் காலை உரிமையாளருக்குக் கடிதம் எழுத வேண்டும்.