பேழைக்குள் சிக்கிய வெள்ளை மந்திரி: கேள்வி பதில்

ஞாயிறு பின்னேரம், திருகோணமலை டச் பே கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் செஸ் கழகத்தில் நடந்த ஆட்டம். வெள்ளைக்கு ஒரு வங்கி ஊழியர், கறுப்புக்குப் பதினோராம் தர மாணவன். 'நோவாவின் பேழை' என்ற பொறியில் வெள்ளையின் மந்திரியைப் பிடித்து, 38ஆவது நகர்த்தலில் கறுப்பு வென்றது. (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; × என்றால் வெட்டு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்.)

1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி பி5, ஏ6 4. மந்திரி ஏ4, டி6 5. டி4 பி5 6. மந்திரி பி3, குதிரை×டி4 7. குதிரை×டி4 இ×டி4 8. ராணி×டி4 சி5 9. ராணி டி5, மந்திரி இ6 10. ராணி சி6 செக், மந்திரி டி7 11. ராணி டி5 சி4.

வெள்ளை எங்கே பிழைவிட்டது, மாஸ்டர்? (மாணவி, உவர்மலை)

எட்டாவது நகர்த்தலில், தங்கச்சி. டி4 சிப்பாய் சும்மா நிற்கிறதே என்று ராணியால் எடுத்தார். பி3 மந்திரியைப் பாருங்கள். பின்னால் ஏ2, சி2 இரண்டிலும் சொந்தச் சிப்பாய்கள். முன்னால் ஏ4, சி4 இரண்டுக்கும் பி5 சிப்பாய் காவல். சி5 ராணியைத் துரத்தும், அடுத்து சி4 மந்திரியைப் பூட்டும்.

ராணி டி5க்கு வந்ததும் மேட் (ராஜா தப்ப முடியாத நிலை) மிரட்டல் இருந்ததே? (மூதூர்)

இருந்தது. எஃப்7இல் மேட், ஏ8 கோட்டைக்கும் ஆபத்து. கறுப்பு மந்திரி சி8ஐ விட்டு இ6க்கு வந்ததில் இரண்டுமே தீர்ந்தன: எஃப்7க்கான ராணியின் வழி அடைபட்டது, டி8 ராணி ஏ8ஐக் காத்தது. ராணி மறுபடி டி5க்கு வந்தபோது பையன் தலை நிமிராமலே சி4 தள்ளினான். அந்தச் சிப்பாய் பி3 மந்திரியின் பாதையை அடைத்ததால் எஃப்7இல் மேட் இல்லை. வங்கி ஊழியரின் கை ராணி வரை போய் அப்படியே நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, எட்டாவதில் என்ன ஆடலாம்? (நிலாவெளி)

மந்திரி டி5. கோட்டையைத் தாக்கிக்கொண்டே மந்திரி தப்பிவிடும். சிப்பாயைப் பிறகு எடுக்கலாம். சி3 என்று சிப்பாயைக் கொடுத்தும் ஆடலாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் இதில் விழுவார்களா? (தம்பலகாமம்)

விழுந்திருக்கிறார்கள். 1929இல் புடாபெஸ்டில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவிடம் ஹங்கேரிய ஆட்டக்காரர் எண்ட்ரே ஸ்டெய்னர் இதே பொறியில் சிக்கித் தோற்றார்.

மந்திரி போன பிறகும் ஏன் இத்தனை நகர்த்தல்? (கிண்ணியா)

வெள்ளை மந்திரியைக் கொடுத்து சி4இல் இரண்டு சிப்பாய் எடுத்தது. இந்த நிலையில் அவசரப்பட்டு ராஜாவைத் தாக்கப்போய்த் தோற்றவர்கள் பலர். பையன் ராணிகளை மாற்றினான், அப்புறம் கோட்டைகளை. கடைசியில் பலகையில் மிஞ்சியது கறுப்பிடம் கூடுதலாக இருந்த அந்த ஒரு மந்திரியும் சிப்பாய்களும்தான்.