நான்கடி மேசையில் தெமோதரை வளையம் அடங்குமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் கொண்ட மேசை ஒன்றையே ஒதுக்க முடியும். பதினொரு வயது மகனும் நானும் அதில் மலையகப் பாதையை ஒத்த மாதிரிப் புகையிரதப் பாதை ஒன்றை, இயலுமானால் தெமோதரை வளையத்தோடு, அமைக்க விரும்புகிறோம். அடுத்த மாதம் லண்டனிலிருந்து வரும் என் மைத்துனரிடம் எந்த அளவுத் தண்டவாளத்தை, எவ்வளவு கொண்டுவரச் சொல்லலாம்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: அளவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் விருப்பமல்ல, மேசையின் அகலமே. பிரித்தானியாவில் பரவலான 'ஓஓ' அளவில் ஹோன்பி நிறுவனத்தின் மிகச் சிறிய வளைவுக்கு 371 மில்லிமீற்றர் ஆரம் உண்டு. அந்த வட்டத்தின் குறுக்களவே 742 மில்லிமீற்றர் என்பதால், 610 மில்லிமீற்றர் அகலமுள்ள உங்கள் மேசையில் அது திரும்ப முடியாது. ஆகவே 9 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட 'என்' கேஜே உங்களுக்குரியது. அதில் யப்பானின் காட்டோ நிறுவனத்தின் 249 மில்லிமீற்றர் ஆர வளைவுகளைப் பயன்படுத்தினால், அடித்தளத்தோடு சேர்த்து ஏறத்தாழ 523 மில்லிமீற்றர் அகலமே பிடிக்கும். 282 மில்லிமீற்றர் ஆரமும் அடங்கும்தான். ஆனால் இருபுறமும் ஒரு சென்ரிமீற்றரே மிஞ்சும், தடம் புரளும் பெட்டி நேரே தரையில்தான் விழும்.

மைத்துனருக்கான பட்டியல் சிறியது: 45 பாகை வளைவுகள் எட்டு, 248 மில்லிமீற்றர் நேர்த்துண்டுகள் நான்கு, மின்னிணைப்புத் துண்டு ஒன்று. இவற்றால் ஒரு மீற்றரைச் சற்றே தாண்டும் நீள்வட்டம் கிடைக்கும். வளைத்துப் பொருத்தும் தண்டவாளமே அழகானது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பீக்கோ நிறுவனத்தின் அத்தகைய துண்டொன்று 914 மில்லிமீற்றர் நீளம், அது எந்தப் பயணப்பெட்டிக்குள்ளும் நேராகக் கிடக்காது. ஒரு தடத்தை இரண்டாகப் பிரிக்கும் பொயின்ட்ஸ் எதையும் இப்போது வாங்க வேண்டாம். முதலில் பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டி, முழு அளவில் பாதையை வரைந்து, அதன்மேல் பெட்டிகளைத் தள்ளிப் பாருங்கள். பக்கத்தடம் எங்கே பிரிய வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

தெமோதரைக்கு வருவோம். அங்கே பாதை மலையைச் சுற்றி வந்து, தான் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. 'என்' கேஜில் ஒரு தடம் மற்றொன்றின் மேலாகச் செல்ல ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். மலையகப் பாதையின் 44க்கு 1 என்ற ஏற்றத்தையே வைத்துக்கொண்டால் ஏறுவதற்கு 2.2 மீற்றர், இறங்குவதற்கு இன்னொரு 2.2 மீற்றர் தேவைப்படும். உங்கள் நீள்வட்டத்தின் மொத்த நீளமோ 2.56 மீற்றர்தான். சரிவைக் கூட்டினால் சிறு இயந்திரம் பெட்டிகளை இழுக்காமல் சறுக்கும். எனவே தடம் முழுவதையும் சமதளத்திலேயே விட்டு, ஒரு மூலையில் மலை எழுப்பி, அதன்மேல் ஓடாத தண்டவாளத் துண்டொன்றையும் சிறு நிலையத்தையும் வைத்து, கீழே சுரங்க வாயிலைத் திறந்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெமோதரைதான்.

அளவுத் துல்லியம் பற்றிக் கவலைப்படுபவரென்றால், நமது அகலப்பாதையின் 1676 மில்லிமீற்றர் இடைவெளிக்குப் பொருந்தும் தண்டவாளம் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. ஆனால் 1990களில் அகலப்பாதையாக மாறும்வரை களனிவெளிப் பாதையின் இடைவெளி 762 மில்லிமீற்றராக இருந்தது. 'எச்ஓ' எனும் 87க்கு 1 மாதிரி அளவுக்காக அதை 87ஆல் வகுத்தால் 8.76 வரும், அதாவது ஏறத்தாழ இதே 9 மில்லிமீற்றர் தடம். மலையகத்தை விட்டு அவிசாவளைக்குப் போகலாமா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். கூரிய வளைவுகள் அந்தப் பாதைக்கு இயல்பாகவே பொருந்தும்.

மின்கட்டுப்பாட்டுக் கருவியை லண்டனிலேயே வாங்கச் சொல்லுங்கள். யப்பானுக்கென விற்கப்படுவது 100 வோல்ற்றுக்கு உரியது. நமது 230 வோல்ற்றில் செருகினால் எரிந்துவிடும். வயர், சுவிட்ச் முதலியன புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலேயே கிடைக்கும்.

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற பழைய 'ஓஓ' தண்டவாளங்களில் இயந்திரம் விட்டு விட்டே ஓடுகிறது. புதியவை வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அவை உருக்குத் தண்டவாளங்கள். நமது கடற்காற்றில் அவற்றின் துருவோடு போராடி நானே தோற்றிருக்கிறேன், மாற்றிவிடுவதே நல்லது. ஒட்டாமல் வெண்ணிறமாக இருந்தால், செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகமாக இருக்கும். அதை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். உப்புத்தாளால் மட்டும் தேய்க்க வேண்டாம். அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு சேரும். துடைத்த பிறகும் ஓட்டம் சீராகாவிட்டால், துண்டுகளை இணைக்கும் தகட்டுக் கவ்விகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, குறடால் மெல்ல இறுக்கிவிடுங்கள்.