பேஸ் கிட்டார் ரெக்கார்டிங்ல இரைச்சல்: கம்பியில கை வெச்சா குறையுதுங்களா?

பள்ளிபாளையத்துல தறிப்பட்டறைக்குப் பக்கத்து வீடு, ஜாஸ் பேஸை (ரெண்டு பிக்கப் வெச்ச ஒரு வகை பேஸ் கிட்டார்) நேரா இன்டர்பேஸ்ல (கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள்ள அனுப்புற பெட்டி) சொருகினா 'ம்ம்ம்'னு இரைச்சல், கம்பியைத் தொட்டா குறையுதுன்னு எழுதியிருந்தீங்க. தொட்டுக் குறைஞ்சா பிரிட்ஜ் (கம்பியோட அடிமுனையைத் தாங்குற உலோகத் தகடு) எர்த் ஒயர் நல்லாத்தான் இருக்குதுங்க. கூடினாத்தான் அந்த ஒயர் மேல சந்தேகப்படணும்.

மொதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. இரைச்சல் போச்சுன்னா கோளாறு சார்ஜர்லயோ எர்த் இல்லாத பிளக் பாயிண்ட்லயோ இருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்க. பிளக்கோட எர்த் பின்னை மட்டும் ஒடிச்சுப் பாக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

போகலைன்னா பிக்கப் (கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) வழியா ஏறுது. ஜாஸ் பேஸ்ல வழக்கமா ரெண்டு பிக்கப்பும் சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்), ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில சுத்தினது. ரெண்டு வால்யூமையும் முழுசா வெச்சா இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுரும். ஒண்ணைக் குறைச்சாலும் திரும்ப எட்டிப் பாக்கும். அப்படியும் தொந்தரவுன்னா, கண்ட்ரோல் குழி (வால்யூம் திருகுகளுக்கு அடியில ஒயர் இருக்குற பள்ளம்) முழுக்கக் காப்பர் டேப் ஒட்டி, அதை எர்த்தோட சால்டர் பண்ணுங்க. டேப் சிக்னல் முனையில பட்டா சத்தமே வராது, கவனம்.

இன்டர்பேஸ்ல 'இன்ஸ்ட்' (கிட்டார் மாதிரி கருவியை நேரா சொருகுறதுக்கானது) பட்டன் அமுங்கியிருக்கணும்.

கரண்ட் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ்ல வருதுன்னு ஈக்யூவில (சத்தத்தோட அலைவரிசையைக் கூட்டிக் குறைக்கிற கருவி) அதை வெட்டாதீங்க. ஈ கம்பி 41, அதுல மூணாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலோட அந்த சுரத்தோட கனமும் போயிரும்.