கப்பலா, சுரங்க ரயிலா: கம்பத்துத் தம்பிக்கு

தம்பி, லண்டனில் பைக் வாடகைக்கு எடுத்து பிரான்ஸுக்குக் கப்பலில் போகவா, வண்டியோடு ஏறிக் கடலுக்கு அடியில் போகும் சுரங்க ரயிலில் போகவா என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் கப்பல்தான். ரயில் வேகம், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்ஸின் கலே 35 நிமிடம், வண்டியைக் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பக்கத்திலேயே இருக்கலாம். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து கலே போகும் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஈர இரும்புத் தளத்தில் டயர் வழுக்கும், பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும், ஆனாலும் மேலே போய் சாப்பிட்டு முதுகை நிமிர்த்தலாம். குமுளி மலைப்பாதையில் இடப்பக்கமாகவே ஓட்டிப் பழகிய கை, கலேயில் இறங்கியதும் வலப்பக்கம் மாறணும், அப்போது தலை தெளிவாக இருப்பது ரொம்ப முக்கியம். காற்று பலமாக அடிக்கிற நாளென்றால் ரயிலே சரி. அப்புறம், பிரிட்டன் விசா போதாது, பிரான்ஸுக்கான ஷெங்கன் விசா தனியாக வேண்டும், பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே பார்த்துவிடுவார்கள். வாடகை வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தேவையான விஇ103 (VE103) சான்றிதழையும் கடையில் முன்னாடியே கேட்டு வாங்கிவிடுங்கள்.