மூன்று வயது மகளுக்கு ஐந்து மாதமாகக் குளோபெட்டசோல் பூசுகிறோம், நிறுத்தலாமா?

கேள்வி: மகளுக்குக் கரப்பன். முன்பு எனக்கு எழுதித் தந்த குளோபெட்டசோல் கிறீமையே பாமசியில் வாங்கி, தினமும் இரண்டு தரம் முகத்திலும் முழங்கை மடிப்பிலும் பூசுகிறோம். விட்டால் திரும்ப வருகிறது. இப்போது கன்னம் வெளுத்து, மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. நிறுத்திவிடட்டுமா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: அம்மா, நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஓரிரு நாளுக்குள் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், அந்த ரியூப்பையும் கையோடு கொண்டு போங்கள்.

குளோபெட்டசோல் என்பது பூசும் ஸ்டீரொய்டுகளில் மிக வலிய வகை. பெரியவர்களுக்கே ஒரேயடியாக இரண்டு கிழமைக்கு மேல் கொடுப்பதில்லை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே பொதுவாகத் தவிர்க்கிறோம். சின்னப் பிள்ளையின் நிறைக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால் பூசியதில் கூடிய பங்கு இரத்தத்துக்குள் போகிறது. முகம், மடிப்புகள், பம்பஸ் கட்டும் இடம் என்றால் இன்னும் கூட. கன்னத்தில் நீங்கள் காண்பது தோல் மெலிந்ததன் அடையாளம். வெளுப்பு பெரும்பாலும் மெல்ல மெல்ல மாறும், ஆனால் மடிப்புகளில் வரி விழுந்தால் அது முழுதாகப் போகாது. கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் கண்ணின் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது உள்ளே நடப்பதைப் பற்றித்தான். வெளியிலிருந்து ஸ்டீரொய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான ஸ்டீரொய்டைச் சுரக்கும் தன் வேலையைக் குறைத்துவிடும். முகம் உருண்டு நிறை கூடுவது, உயரம் வளராமல் நிற்பது எல்லாம் உள்ளே போகும் ஸ்டீரொய்டு மிகுவதால் வரலாம். திடீரென்று நிறுத்தினால் கரப்பன் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம், அதோடு உடம்புக்குத் தேவையான அந்தச் சுரப்பும் போதாமல் போகலாம். அதனால் வைத்தியர் வலிமை குறைந்த ஒன்றுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார், தேவைப்பட்டால் இரத்தமும் சோதிப்பார்.

அதற்காக ஸ்டீரொய்டு என்றாலே பயந்து, அவர் எழுதித் தரும் ஐதரோகோட்டிசோனையும் ஒதுக்கி வைக்காதீர்கள், அதன் வலிமை இதைவிடப் பல மடங்கு குறைவு, சொன்ன அளவில் சொன்ன நாளுக்குப் பூசினால் பிள்ளைக்கு நல்லதே. அளவு தெரியாவிட்டால், உங்கள் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிறீம், விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். சோளகக் காற்றில் தோல் இன்னும் காயும், ஆகவே குளித்துத் துடைத்த கையோடு வாசனையில்லாத ஈரப்பதக் கிறீமைத் தாராளமாகப் பூசுங்கள், சவர்க்காரத்தைக் குறையுங்கள்.

இதற்கிடையில் பிள்ளைக்கு வாந்தி, கடும் சோர்வு, மயக்கம் ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், ஐந்து மாதமாகக் குளோபெட்டசோல் பூசியதை முதலில் சொல்லுங்கள்.