ஒரு 'ஸ்' செய்கிற வேலை

கேள்வி: ஆள் ஒன்று, இலை ஒன்று. ஆனாலும் ஓட்டல் வாசலில் 'மீல்ஸ் ரெடி' என்று பன்மையில் எழுதுகிறார்களே, சரியா? - வாசகர், கரூர்

பதில்: ஆங்கிலக் கணக்கில் ஒருமுறை சாப்பிட்டால் மீல், மூன்று வேளைக்கு மூன்று மீல்ஸ். நம் ஊர்க் கணக்கு வேறு. சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர், அப்பளம் எல்லாம் சேர்ந்த இலைக்குப் பெயரே மீல்ஸ். 'ரெண்டு மீல்' என்று கேட்டுப் பாருங்கள், சர்வர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அது தமிழ்ச் சொல்லாகி வெகுநாளாயிற்று. போர்டைத் திருத்த வேண்டாம்.

அந்த 'ஸ்' இல்லாமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். நாமக்கல்லில் ஒரு கல்யாணம். மறுநாள் மதியம் நல்ல பசி. 'ஃபிஷ் மீல்' என்று ஒரு போர்டு தெரிந்தது. எழுத இடம் போதாமல் 'ஸ்'ஸை விட்டுவிட்டார்கள்போல என்று உள்ளே நுழைந்து, "ஒரு இலை போடுங்க" என்றேன். உள்ளே கூரை வரைக்கும் மூட்டை. கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, இது கோழிக்குங்க" என்றார். தீவனத்தில் கலக்கிற மீன் தூள்! நாற்றத்தை வைத்தாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை ஒரே எழுத்தில் வருகிற இரண்டு சொற்கள். அரைத்த தூளைச் சொல்லும் மீலுக்கு 'மில்' உறவு. கடைவாய்ப் பல்லைச் சொல்லும் 'மோலா'ரும் அதே வம்சம். ஓட்மீல், ரோஜாத் தொட்டிக்குப் போடும் எலும்புத் தூளான போன் மீல் எல்லாம் இந்தப் பக்கம். சாப்பாட்டு மீலுக்கோ பழைய ஆங்கிலத்தில் அளவு, குறித்த நேரம் என்று பொருள். நாம் 'மூணு வேளைச் சாப்பாடு' என்று சொல்வதில்லையா? என் அத்தை சனிக்கிழமை 'ஒருபொழுது' இருப்பார். பொழுது என்றாலே அவருக்குச் சாப்பாடுதான்.

கேள்வி: 'டிட் யூ டேக் யுவர் மீல்ஸ்?' என்று கேட்டேன், புது மேனேஜர் சிரிக்கிறார். என்ன தப்பு? - வாசகி, ஓசூர்

பதில்: நம் ஆட்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். வெளியூர்க்காரரிடம் 'ஹேட் லன்ச்?' என்றால் போதும். 'டேக்' என்பதை மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் விட்டால் 'ஸ்கிப்டு எ மீல்', வயிறு நிறைந்தால் 'ஹெவி மீல்'. அங்கெல்லாம் மீல் தாராளமாக வரலாம்.

கேள்வி: அப்படியானால் 'பீஸ்மீல்'? அதில் சாப்பாடு எங்கே? - வாசகர், திண்டுக்கல்

பதில்: சாப்பாடு இல்லை, 'அளவு' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். எங்கள் தெருவுக்குச் சாக்கடை பீஸ்மீலாகத்தான் மூன்று வருஷமாக வருகிறது. இந்த வாரம் எட்டாம் நம்பர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் வீடு பதினாலு.